சாந்தேயின் நேர்ச்சையும் இரண்டு ஜோடி டயரும்

லெயார்கோவின் டயர் கடை வாசலில் நிவெஸ் வேனை நிறுத்தியபோது அவன் வெளியே வரவில்லை. உள்ளேயே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். டயர் வந்துவிட்டது என்று காலையில் போன் செய்தவன் அவனேதான். வழக்கமாக ஆள் வந்து இறங்குவதற்குள் சரக்கை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்துவிடுவான். இன்று இப்படி நிற்பது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

“என்ன லெயார்கோ, வரலையா?”

“வந்திருக்கு. அதான் சிக்கல். கொஞ்சம் அதிகமாவே வந்திருக்கு.”

சுவரோரம் இரண்டு ஜோடி டயர்கள் சாய்ந்திருந்தன. ஒன்று அவள் கேட்டிருந்த புது மாதிரி ரேடியல். இன்னொன்று பழைய மாதிரி கிராஸ்பிளை. இரண்டும் ஒரே அளவு. இரண்டுமே அவளுடைய பழைய மோட்டோ குஸ்ஸி மோட்டார் சைக்கிளுக்குப் பொருந்துகிறவை.

“இது யாரு சொன்னது?”

“உன் வீட்டுக்காரர். உனக்குத் தெரியாம வாங்கணும்னு அவர் சொன்னார். அவருக்குத் தெரியாம வாங்கணும்னு நீ சொன்னே. நான் என்ன பண்ணுவேன்? பாவசங்கீர்த்தனம் கேட்ட சாமியார் மாதிரி வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். என் பொஞ்சாதிகிட்டகூட மூச்சு விடல. வயிறே உப்பிப்போச்சு.”

நிவெஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்னும் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிற மனிதர், இந்தக் கடைவரைக்கும் நடந்து வந்திருக்கிறார்.

“ரெண்டையும் வேன்ல ஏத்து,” என்றாள்.

“ஒண்ணைத்தான் போட முடியும். முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு சமாதானம் பண்ணிடாதே. ரெண்டும் ரெண்டு குணம். வண்டி எந்தப் பக்கம் கேக்கும்னு அதுக்கே தெரியாது.”

“எனக்குத் தெரியாதா? ஏத்துப்பா.”

கஸ்தெல்வெர்னோ ஊரில் மே மாதம் மாதா திருநாள் அன்று பழைய மோட்டார் சைக்கிள்கள் மலைமேல் இருக்கும் திருத்தலத்துக்கு ஏறும். பெயர் போட்டி என்றாலும் அதில் வேகத்துக்கு மதிப்பில்லை. ஒவ்வொருவரும் இரண்டு தடவை ஏற வேண்டும். முதல் தடவை எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரத்தில் இரண்டாம் தடவையும் ஏறுகிறவரே ஜெயித்தவர். புறப்படும் முன்பு கைக்கடிகாரம், போன் எல்லாவற்றையும் கோயில் காணிக்கைக் கூடையில் போட்டுவிட வேண்டும். வேகம் காட்டும் முள்ளின் மேல் காகிதம் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் நேரம் என்பது அவரவர் மனசுக்குள் இருப்பதுதான். சிலர் பாட்டு முணுமுணுப்பார்கள். நிவெஸ் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டு போவாள்.

ஜெயித்த வண்டிக்கு ஒரு மரியாதை உண்டு. பிற்பகல் அந்த வண்டியில்தான் மாதா படம் மலையேறும். பின்சீட்டில் உட்காருகிறவர் படத்தை மடியில் ஏந்திக்கொள்வார். மற்ற வண்டிகள் எல்லாம் பின்னால் வரும். பல வருஷமாக அந்த வண்டி நிவெஸின் அண்ணன் வானெஸுடையதாகவே இருந்தது. படத்தை ஏந்துகிறவள் அவன் மனைவி எதெரா. நிவெஸ் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவாள். அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். தினமும் அதே மலைச்சாலையில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவளுக்கு, வருஷத்தில் ஒரு நாள் சத்தம் போட்டுக்கொண்டு ஏறுவதே போதுமானதாக இருந்தது.

இந்த வருஷம் அப்படியில்லை.

குளிர்காலத்தில் அவள் கணவர் சாந்தேக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே கொண்டுபோகும் முன்பு அவர் அவள் கையைப் பிடித்துச் சொன்னார்: “நிவெஸ், மாதாகிட்ட நேர்ந்துக்கிட்டேன். நான் எழுந்து நடந்தா, உன் பின்னாடி உக்காந்து, அவ படத்தை மடியில வச்சுக்கிட்டு மலைக்கு வருவேன்.”

“சரி, அண்ணன்கிட்ட சொல்லிடறேன். விட்டுக்குடுத்துடுவான்.”

“அதுதான் கூடாது. உங்க அண்ணன் வேணும்னே தோத்துடுவான். தோத்துட்டு, தோக்கவே இல்லைன்னு வேற சத்தியம் பண்ணுவான். மாதா படத்தைத் தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு மனுஷனைப் பொய் சொல்ல வைக்கணுமா? நீ ஜெயிச்சா போறேன். இல்லைன்னா அவளுக்குத் தெரியும், நான் வர மனசு வச்சேன்னு.”

அதனால் விஷயம் இருவருக்குள்ளேயே இருந்தது. எப்படியாவது ஜெயிக்கட்டும் என்றுதான், ஒருவரை ஒருவர் சந்தோஷப்படுத்த, இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் டயர் வாங்கினார்கள். அதே மாதிரி குஸ்ஸி வைத்திருக்கும் வானெஸ் வருஷா வருஷம் கிராஸ்பிளையில் ஜெயிக்கிறான், அப்படியென்றால் அதுவே நிவெஸையும் ஜெயிக்க வைக்கும் என்பது சாந்தேயின் கணக்கு. ஈரச் சாலையில் ரேடியல் விடாமல் பிடிக்கும், தைத்த நெஞ்சோடு பின்னால் உட்காருகிற மனிதரைத் தூக்கிப் போடாது என்பது நிவெஸின் கணக்கு. இரண்டு ஜோடியும் ஒன்றாக வீட்டுக்கு வந்ததும் அந்த டயர் ரகசியம் மட்டும் உடைந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. எதெரா பியாதினா ரொட்டியைச் சட்டியிலிருந்து சுடச்சுட எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டயர் பேச்சு வந்ததும் வானெஸ் வாயில் இருந்ததை முழுங்கக்கூடப் பொறுக்கவில்லை.

“ரேடியலா? தங்கச்சி, அது கார்க்காரன் டயரு. குஸ்ஸிக்கு அதைப் போடறது குதிரைக்கு ஷூ மாட்டி விடற மாதிரி.”

“அண்ணே, இது பழைய சக்கரத்துக்குன்னே புதுசா செய்யறாங்க.”

“செய்வான். நாளைக்குப் பழைய மனுஷனுக்குன்னு புதுசா முழங்காலும் செய்வான். கேளு, கிராஸ்பிளைன்னா உள்ள இழை குறுக்கும் மறுக்கும் ஓடும், கூடை முடையற மாதிரி. பக்கமும் முதுகும் ஒரே உடம்பு. வழுக்கப் போறேன்னா முன்னாடியே காதுல சொல்லும். வண்டி செஞ்சவன் அந்தக் குணத்துக்குத்தான் செஞ்சான்.”

“ரேடியல்ல இழை நேரா போகும். மேல ஒரு பட்டை கட்டியிருக்கும். பக்கம் நெகிழும், முதுகு ரோட்டுல அப்படியே படிஞ்சு உக்காரும். குழியில போனா இடுப்புக்குத் தெரியாது.”

“உனக்கு இடுப்புதான் முக்கியம்னா சோபாவுல உக்காரு!”

சாந்தே சிரித்தார். சிரித்தால் நெஞ்சில் வலிக்கும் என்பதால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

“மாப்ள, நீ எந்தக் கட்சி?” என்று கேட்டான் வானெஸ்.

“மச்சான், நான் பின்சீட்டுக் கட்சி.”

சாப்பிட்டு முடித்ததும் வானெஸ் எல்லோரையும் பாதாள அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒயின் பீப்பாய்களுக்கும், உத்தரத்தில் தொங்கும் உப்பிட்ட பன்றித்தொடைகளுக்கும் நடுவே ஒரு துணியைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஒரு ஜோடி கிராஸ்பிளை டயர். வண்டியோடு அந்தக் காலத்தில் வந்த அதே மாதிரி. ஒரு தடவைகூட ரோட்டைத் தொட்டதில்லை. வாங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். ஒரு நல்ல நாளுக்காகப் பதுக்கி வைத்திருந்தானாம்.

“இந்த வருஷம் இதைத்தான் போடப்போறேன். வாசனை பாரு. ஒயின் மாதிரி பக்குவமா ஆகியிருக்கு.”

ரொமாஞ்யா வட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான் இது. எல்லாம் அசலாக இருக்க வேண்டும், திருகாணிகூட அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும் என்ற வெறி. நிவெஸ் முகர்ந்து பார்த்தாள். அவளுக்குப் பன்றித்தொடை வாசனைதான் வந்தது.

மறுநாளிலிருந்து அவள் ஓட்டிப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் கிராஸ்பிளை. கணவர் வாங்கித் தந்தது, அதற்கே முதல் மரியாதை. புது டயர் வழுக்கும் என்பதால் முதல் சில நாள் மெதுவாக, வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துப் பழக்கினாள். அப்புறம் அது நல்ல பிள்ளையாகிவிட்டது. வளைவில் நுழையும்போது வண்டி நிதானமாகச் சாய்ந்தது, நிதானமாக நிமிர்ந்தது. அவசரமே இல்லை. ஒவ்வொரு சின்னக் கல்லையும் கைப்பிடிக்குச் சொல்லிவிட்டுத்தான் தாண்டியது.

பிறகு லெயார்கோ ரேடியலை மாட்டிக் கொடுத்தான். அதையும் பழக்கிய பின்பு ஒரு காலை வேளையில், பஸ்ஸை எடுக்கும் முன்பு, அவள் அதே சாலையில் ஏறினாள்.

முதல் வளைவிலேயே அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வண்டி நினைத்த மாத்திரத்தில் சாய்ந்தது. ரோடு ஒரு உள்ளங்கை போலவும் டயர் அதில் பதியும் இன்னொரு உள்ளங்கை போலவும் இருந்தது. பீச் தோப்பு வளைவில் எப்போதும் உலுக்குகிற பள்ளம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நிவெஸுக்கு ஐம்பதை நெருங்குகிற வயசு. ஹெல்மெட்டுக்குள் அவள் சின்னப் பெண் மாதிரி கூவினாள். மேலே போய் நின்று திருத்தலத்து வாசலில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவளுக்குச் சாந்தேயின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருந்தார்.

“சொல்லு. என் டயரா, உன் டயரா?”

“உன் டயர் ரொம்ப நல்ல டயரு சாந்தே...”

“ஓஹோ. இப்படித்தான் கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பேங்க் பையனைப் பத்தியும் சொன்னே. ரொம்ப நல்ல பையன்னு.” அவர் காபியை அவள் பக்கம் நகர்த்தினார். “உன் கண்ணு ரெண்டும் விளக்கு மாதிரி எரியுது. ரேடியலையே போடு. நான் சந்தோஷமாத்தான் சொல்றேன்.”

திருநாள் காலை கிராஸ்பிளை ஜோடியை அவள் வேனில் பின்பக்கம் போட்டுக்கொண்டாள். ஏதாவது ஆகிவிட்டால் இருக்கட்டுமே என்றுதான்.

கோயில் முன்பு சதுக்கம் முழுக்க வண்டிகள். பங்குச்சாமியார் தோன் அலெசியோ ஒரு வாளித் தீர்த்தமும் கையில் ஒரு பெரிய துடைப்பக் கட்டும் எடுத்துக்கொண்டு வண்டிகளை மந்திரித்துக்கொண்டே வந்தார். சூடான எஞ்சினில் தீர்த்தம் பட்டதும் ‘சுர்’ என்று ஆவி கிளம்பியது. கூட்டம் கைதட்டியது. சாந்தே நிவெஸின் வண்டிப் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோயில் வாசலில் மேஜைமேல் மாதா படம் பூக்களுக்கு நடுவே காத்திருந்தது. அவர் அதைப் பார்ப்பதும் பிறகு டயரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

வண்டிகளைச் சோதிக்கிற வேலை எப்போதும் லெயார்கோவுடையது. பிரேக், விளக்கு, டயர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவன் வானெஸின் வண்டிப் பக்கம் குனிந்தான். நிமிரவே இல்லை.

“என்னடா, பிரார்த்தனையா?” என்றான் வானெஸ்.

“வானெஸ், இங்க வா. இந்தப் பக்கம் பாரு.”

டயரின் பக்கவாட்டில் முடி மாதிரி மெல்லிய வெடிப்புகள், சுற்றிலும். முந்தின நாள் காற்றடித்தபோது இல்லை. இரவெல்லாம் காற்றின் அழுத்தத்தில் பிளந்திருக்கின்றன. லெயார்கோ கட்டைவிரல் நகத்தால் டயரின் முதுகை அழுத்தினான். நகம்தான் வளைந்தது.

“இது டயர் இல்லை. மரக்கட்டை.”

“புத்தம் புதுசுடா! ஒரு கோடுகூடத் தேயல!”

“தேயல, சரி. எப்ப செஞ்சதுன்னு அச்சடிச்சிருக்கு, படி. இதைச் செஞ்சப்ப நாம காபிக்குப் பழைய லிராக் காசு குடுத்துக்கிட்டிருந்தோம். உன் பாதாள அறையில ஒயின் பழுக்கும், பன்றித்தொடை பழுக்கும். ரப்பர் பழுக்காது வானெஸ், செத்துப்போகும். இதுல உன்னை மலையேற விட்டேன்னா எதெரா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. வானெஸும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. பழைய டயர்களைப் போன வாரமே கழித்துப் போட்டுவிட்டான். திருநாள் அன்று எந்தக் கடை திறந்திருக்கும்? லெயார்கோ கடையிலும் அந்த அளவு டயர் சொல்லி வைத்தால்தான் வரும். பேச்சுக்குப் பேச்சு வாயடிக்கிற மனிதன், வண்டியில் ஒட்டியிருந்த எண் தாளைக் கிழியாமல் மெதுவாக உரிக்க ஆரம்பித்தான்.

நிவெஸ் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மனசுக்குள் சட்டென்று ஒரு கதவு திறந்தது. வானெஸ் இல்லையென்றால் அவள் ஜெயிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அவள் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும். வேன் கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாதாவே, நீயே வழி திறந்துவிடுகிறாயா என்று அவள் படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்டவுடனே வெட்கமாகப் போய்விட்டது. நமக்கு வசதியாக நடப்பதையெல்லாம் சொர்க்கத்தின் தலையில் கட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அண்ணன் கையில் அந்த எண் தாள் சுருண்டு கிடந்தது.

“சாந்தே, வேன்ல உன் டயர் இருக்கு. நீ எனக்காக வாங்கினது. அதைக் குடுத்தா...”

சாந்தே ஒரு நொடி படத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

“இதை என்கிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருக்கே? ஓடு. சாமி மந்திரிச்சு முடிச்சா கொடி அசைச்சுடுவார்.”

அவள் ஓடினாள். இரண்டு தோளிலும் இரண்டு டயரை மாட்டிக்கொண்டு அவள் சதுக்கத்துக்குள் ஓடி வந்ததைப் பார்த்துக் கூட்டத்தில் ஒரே ஆரவாரம். அதற்குப் பிறகு நடந்தது திருவிழாவுக்குள் ஒரு திருவிழா. ஒருவர் வண்டியைத் தாங்கிப் பிடித்தார். ஒருவர் சக்கரத்தைக் கழற்றினார். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைக் காபிக் கடையிலிருந்து ஒரு பெண் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். லெயார்கோ நெம்புகோலைப் போட்டு, முழங்காலால் மிதித்து, ஏசுவையும் மாதாவையும் கூப்பிட்டு டயரை உள்ளே தள்ளினான். காற்று ஏறி ஓரம் விளிம்பில் ‘டப்’ என்று உட்கார்ந்ததும் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். தோன் அலெசியோ வாளியோடு திரும்பி வந்து புது டயருக்கு மட்டும் தனியாக ஒரு வீச்சுத் தீர்த்தம் தெளித்தார்.

“வழுக்காது, நானே ஓட்டிப் பழக்கி வச்சிருக்கேன்,” என்றாள் நிவெஸ்.

வானெஸ் அவளைப் பார்த்தான். “நான் இல்லைன்னா நீ ஜெயிச்சிருப்பே, கழுதை.”

“நீ இருந்தாலும் ஜெயிப்பேன். போய் கடிகாரத்தைக் கூடையில போடு.”

கொடி அசைந்தது. நிவெஸ் முதல் தடவை ஏறினாள். காலைக் குளிர் இன்னும் ரோட்டில் இருந்தது, டயர் சூடேறவில்லை. அளவாகப் போனாள். அருள் நிறைந்த மரியே, வளைவு. அருள் நிறைந்த மரியே, பாலம். ஜெபமாலையில் மூன்று பத்து, முப்பது மணிகள், உருட்டி முடியும் இடத்தில் திருத்தலத்தின் மணிக்கூண்டு தெரிந்தது. ரொம்பச் சரி. இதே மாதிரி இன்னொரு தடவை, அவ்வளவுதான்.

இரண்டாம் தடவைக்குள் சூரியன் மேலே வந்துவிட்டது. ரோடு உலர்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. டயரும் சூடேறியிருந்தது. முதல் வளைவில் சாய்த்தபோதே அவளுக்குத் தெரிந்தது, இது காலையில் இருந்த டயர் இல்லை. அது அவளை இழுத்துக்கொண்டு போனது. நிதானம், நிதானம் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் வளைவுக்குப் பின் வளைவாக வந்து கைக்குள் விழும்போது, எஞ்சின் இரண்டு பக்கமும் பாடும்போது, அக்கேசியா பூ வாசனை ஹெல்மெட்டுக்குள் நிரம்பும்போது, எந்த மனுஷிக்கு நிதானம் வரும்? பீச் தோப்பு வளைவில் அவள் மறுபடியும் கூவினாள். வாழ்க்கையில் அவ்வளவு அழகாக அவள் ஒரு நாளும் வண்டி ஓட்டியதில்லை.

மணிக்கூண்டு தெரிந்தது. நிவெஸின் வாயில் ஜெபம் மிச்சம் இருந்தது.

கடிகாரம் பார்க்கவே தேவையில்லை. சீக்கிரம் வந்துவிட்டாள். மிச்ச மந்திரங்களை வண்டியை நிறுத்தி உட்கார்ந்து மெதுவாகச் சொல்லி முடித்தாள். கடைசி ஒன்றைச் சொல்லும்போது கண் கலங்கியது. அப்போதும் உடம்பு முழுக்க அந்தச் சந்தோஷம் துள்ளிக்கொண்டுதான் இருந்தது. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்க முடியும் என்று அவளுக்கே புரியவில்லை.

சதுக்கத்துக்கு இறங்கி வந்து எல்லோரும் தொத்திறைச்சியும் பியாதினாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தோன் அலெசியோ மைக்கைத் தட்டினார். ஜெயித்தது வானெஸ். இரண்டு ஏற்றத்துக்கும் நடுவே ஒரு கண் இமைக்கிற வித்தியாசம்கூட இல்லை. நிவெஸ் நாலாவது.

வானெஸ் குதித்தான். “பாத்தியா! கிராஸ்பிளை! காலையிலயும் அதே புத்தி, மத்தியானமும் அதே புத்தி! உன் ரேடியல் வெயிலைப் பாத்ததும் கொழுப்பெடுத்து ஓடிடுச்சு! எதெரா, வா, ஏறு, படத்தை வாங்கு!”

எதெரா தலைக்குத் துணி கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். படத்துக்காகக் கையை நீட்டியவள் அப்படியே நிறுத்தினாள். மேஜைக்கு அந்தப் பக்கம் சாந்தே நின்றார். தொப்பி மறுபடியும் கையில் இருந்தது. எல்லோரையும் போல அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் படத்தைவிட்டு நகரவில்லை. பல வருஷம் அந்தப் படத்தை மடியில் ஏந்தியவளுக்கு அந்தப் பார்வை புரிந்தது.

“சாந்தே, என்ன நேர்ந்துக்கிட்டீங்க?”

“ஒண்ணுமில்லைம்மா. நீங்க கிளம்புங்க.”

எதெரா நிவெஸ் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு.”

நிவெஸ் சொன்னாள். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. எதெரா ஏற்கெனவே வண்டியைவிட்டு இறங்கியிருந்தாள்.

வானெஸின் முகம் சிவந்துபோனது. “டேய் மாப்ள! ஏன்டா சொல்லல? நான் தோத்திருப்பேனே!”

“அதனாலதான் சொல்லல மச்சான்.”

“காலையில டயரைக் குடுத்தப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல? ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரனா...” அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருக்கையைத் தட்டினான். “சரி, ஏறு. என் பின்னாடி உக்காரு.”

“இல்லை மச்சான். நிவெஸ் பின்னாடின்னு நேர்ந்துக்கிட்டேன். மாதாகிட்ட பேர் சொல்லியிருக்கேன். இப்ப ஆளை மாத்த முடியாது.”

எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள். தோன் அலெசியோ தாடையைத் தடவினார். அவருக்கு வண்டிகளைப் பற்றி அதிகம் தெரியாது, மனுஷர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

“நம்ம வழக்கம் என்ன? ஜெயிச்ச வண்டியில படம் போகணும். அவ்வளவுதானே? ஓட்டறது யாருன்னு எங்கயாவது சொல்லியிருக்கா?”

வானெஸ் தன் வண்டியின் சாவியை எடுத்துத் தங்கையின் கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மடக்கிவிட்டான்.

“ரெண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். திட்டாம போட்டா விழும். உன் சாவியை இங்க குடு. ஊர்வலத்துக்கு நடந்தா வருவேன்?”

“அதுல ரேடியல் போட்டிருக்கு அண்ணே.”

“தெரியும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓட்டறேன்.”

சாந்தேயை இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள். எதெரா படத்தைத் தன் கையாலேயே எடுத்து அவர் மடியில் வைத்து, சரியாமல் இருக்கத் தன் தலைத் துணியை அவிழ்த்து அவர் இடுப்போடு கட்டிவிட்டாள். நிவெஸ் கிளம்பினாள். பின்னால் சாந்தேயின் ஒரு கை அவள் இடுப்பில், மற்றொன்று படத்தின் மேல். கிராஸ்பிளை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது. இங்கே மணல் இருக்கிறது, இங்கே ஈரம், இப்போது மெதுவாகச் சாய்கிறேன், இப்போது நிமிர்கிறேன். இரண்டு பேர் பாரத்தில் அந்த நிதானம் தாலாட்டு மாதிரி இருந்தது.

“சாந்தே, உன் டயரு நிஜமாவே நல்ல டயரு!” என்று அவள் தலையைத் திருப்பிக் கத்தினாள்.

“தெரியும்! ரோட்டைப் பாரு!”

பீச் தோப்பு வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் அவள் பயந்துபோனாள், யாரோ விழுந்துவிட்டார்களோ என்று. கண்ணாடியில் பார்த்தாள். அவளுடைய வண்டியில் வானெஸ், வளைவில் படுத்துக்கொண்டே வாயைப் பிளந்து கூவிக்கொண்டிருந்தான்.

மேலே மணி அடித்தது. சாந்தே நெஞ்சோடு அணைத்துப் பிடித்த படத்தை, யாரும் தாங்காமல், தன் காலால் நடந்து கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தார். முழங்கால் போட்டார். நிவெஸும் எதெராவும் இரண்டு பக்கமும் முழங்கால் போட்டார்கள். அவர் என்ன சொல்லி வேண்டினார் என்று தெரியவில்லை, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் உள்ளே வந்து பெஞ்சுகள் நிரம்பின. எதெரா திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“பூசை ஆரம்பிக்கப் போகுது. இந்த மனுஷன் எங்க?”

பள்ளத்தாக்கில் கீழேயிருந்து ஒரு குஸ்ஸியின் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு வேகம் கூடியது.

“மறுபடியும் கீழ போயிருக்கான்!” என்றாள் நிவெஸ். “என் வண்டியில! சாவியைப் புடுங்காம விட்டது என் தப்பு.”

தோன் அலெசியோ பீடத்தின் முன் நின்று ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டார். பிறகு கைகளை விரித்தார்.

“ஆரம்பிக்கலாம்,” என்றார். “வந்துக்கிட்டுத்தானே இருக்கான்.”